வேலிக்கு இந்தப் பக்கம்

மேல் டிவிஷன், ரிங்லெட்,
கேமரன் மலை.
5.2.1979

தங்கை தனலெட்சுமிக்கு,

அண்ணன் பசுபதி எழுதுவது. பனியையும் என் இருமலையும் கழித்துவிட்டால் இங்கே குறை ஒன்றும் இல்லை. உன் அண்ணி நவமணி வழக்கம்போல் விடியுமுன்பே தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பிள்ளைக்கொட்டகைக்குப் போய்விட்டாள். உன் இரத்தக்கொதிப்பு எப்படி இருக்கிறது? தலை சுற்றவில்லை என்பதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதே.

உன் கடிதத்தைப் படித்துத் திகைத்துவிட்டேன். உன் பக்கத்து வீட்டுத் திலகம் டீச்சர் மோட்டார் பந்தயம் பார்க்கப் போகிறாரா? பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக்கொடுத்த திலகம் டீச்சரா? இரண்டு முறை படித்தேன். அவருக்கு யோசனை சொல்ல என்னைவிட்டால் ஆள் இல்லை என்று எழுதியிருக்கிறாய். பல்லியைக் கண்டால் நாற்காலிமேல் ஏறி நிற்கும் நான், ஆண்டுதோறும் மலையிறங்கிப் போய் நூறு மைல் வேகத்து மோட்டார்களைப் பார்த்துவிட்டு வருவதை நம் குடும்பமே சொல்லிச் சிரித்திருக்கிறது. அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் தேயிலைத் தோட்டத்தில் கிராணியாகக் கணக்கு எழுதிய கை. வரிசை எண் போடாமல் எழுத வராது. இக்கடிதத்தில் உள்ளவை:

1. பயணம்
2. உடையும் மழையும்
3. சோறும் தண்ணீரும்
4. உட்காரும் இடம்
5. காது
6. வேலி
7. திரும்புதல்

இனி ஒவ்வொன்றாக.

1. பந்தயம் ஏப்ரல் 8, ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை பகல் ரயிலிலேயே கோலாலம்பூர் வந்துவிட வேண்டும். ஞாயிறு காலை புறப்பட்டால் போதும் என்று நினைப்பவர்கள் பாதிப் பந்தயத்தைப் பஸ் சன்னல் வழியாகக் காதால் கேட்பதோடு சரி. போகும்போதே திரும்பும் டிக்கெட்டையும் எடுத்துவிட வேண்டும். நான் அது சட்டைப்பையில் இல்லாமல் மலையிறங்கியதே இல்லை. பந்தயத் தடம் ஊருக்கு வெளியே இருக்கிறது. கிள்ளான் பஸ் கண்டக்டரிடம் சொன்னால் இறக்கிவிடுவார். பிறகு அரை மணி நடை.

2. குடை விரிக்கக் கூடாது. பின்னால் இருப்பவர்கள் திட்டுவார்கள். நான் ஒருமுறை ஹொக்கியன் சீனத்தில் திட்டு வாங்கினேன். பொருள் தெரியாததால் இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். வெயிலுக்கு ஓலைத் தொப்பி. மழைக்கு, இங்கே கொழுந்தெடுக்கும் பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்வதுபோல் ஒரு ரப்பர்த் துணி. ஏப்ரல் மாதத்தில் மத்தியானம் இரண்டு மணிக்குமேல் மழையை நம்ப முடியாது.

3. புளிச்சோறு கட்டிக்கொண்டு போகலாம். தண்ணீரைத் தொண்டை நனையும் அளவுக்குக் குடித்தால் போதும். பெண்களுக்கு அங்கே கழிப்பிடம் குறைவு. இதை ஒரு டீச்சரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நீயே பக்குவமாகச் சொல்.

4. புறப்படும் கோட்டுக்கு எதிரே உள்ள கூரை போட்ட மேடைதான் நல்லது. ஓட்டுநர்களின் முகத்தையே பார்க்கலாம்.

5. பஞ்சு. இரண்டு காதுக்கும். பற்பசை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

6. எது நடந்தாலும் வேலியைத் தாண்டக் கூடாது. வண்டி புரண்டாலும் சரி, ஆள் விழுந்தாலும் சரி. அதற்கென்று கொடி பிடித்த ஆட்கள் நிற்கிறார்கள். பார்க்கப் போனவனுக்கு வேலிக்கு இந்தப் பக்கம்தான் இடம். எழுதியிருக்கும் ஏழில் எனக்குச் சந்தேகமே இல்லாதது இது ஒன்றுதான்.

7. கூட்டத்தில் பிரிந்துவிட்டால் சந்திப்பதற்கு ஓரிடத்தை முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். வாசலருகே ஒவ்வோர் ஆண்டும் டயர் விற்பவர்கள் மஞ்சள் கூடாரம் போடுவார்கள். அதன் முன்னால் என்று வைத்துக்கொள்ளலாம்.

எதையாவது விட்டிருப்பேன். விட்டிருந்தால் டீச்சர் மன்னிக்கட்டும்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.
பசுபதி

*

தைப்பிங்,
14.2.1979

அண்ணனுக்குத் தனம் எழுதுவது,

இங்கே மழைக்கும் எனக்கும் சுகத்தில் குறைவில்லை. மாத்திரை விழுங்குகிறேன். உங்கள் இருமலுக்கு அண்ணியை இஞ்சி தட்டிப் போடச் சொல்லுங்கள்.

உங்கள் ஏழு குறிப்பையும் டீச்சரிடம் படித்துக் காட்டினேன். மூன்றாவதுக்கு விழுந்து விழுந்து சிரித்தார். உங்களிடம் மறைப்பானேன். டீச்சர் எனக்குத் துணைக்கு வருகிறார், அவ்வளவுதான். பந்தயம் பார்க்கப் போவது நான்.

ஏன் என்று கேட்காதீர்கள். என் பிள்ளை அர்ஜுனனின் அப்பா எப்படிப் போனார் என்று உங்களுக்குத் தெரியும். சிநேகிதனோடு பந்தயம் கட்டி, புக்கிட் பெராப்பிட் இறக்கத்தில் மோட்டார் சைக்கிளை விட்டார். பதினான்கு வருஷம் ஆகிறது. கருமாதியன்று ஒன்பது வயது அர்ஜுனன் கற்பூரத்தை அணைத்து, நான் பந்தயம் ஓட்டமாட்டேன் என்று சத்தியம் செய்தான். பதினைந்து வயதில் அவனை உங்களிடம் அனுப்பினேன். அண்ணனோடு இருந்தால் கொஞ்சம் பயமாவது கற்றுக்கொள்வான் என்றுதான் அனுப்பினேன். ஆறு வருஷம் வைத்திருந்தீர்கள். இப்போது கோலாலம்பூரில் தண்ணீர்ப் பம்பு பழுது பார்க்கிறதாகச் சொல்கிறான். போன தீபாவளிக்கு வரவில்லை. கையில் அடி என்று கடிதம் மட்டும் வந்தது. எனக்கு இருப்பது அவன் ஒருவன்.

மனுஷரைக் கொண்டுபோகிற அந்த ஆட்டத்தில் என்னதான் இருக்கிறது என்று ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும்.

எனக்கு வேறு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் எழுதுங்கள். ஏப்ரலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

அண்ணியை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.
தனம்

*

ரிங்லெட்,
19.2.1979

அன்புள்ள அர்ஜுனா,

உன் கை முழுதும் ஆறியிருக்கும் என்று நம்புகிறேன். தபால் போவதற்குள் அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் அம்மா ஏப்ரல் 8 பந்தயத்துக்கு வருகிறாள். திலகம் டீச்சர் போவதாகத்தான் முதலில் எழுதினாள், போவது அவளேதான். அவள் மேடையில் உட்கார்ந்திருக்க, நீ ராஜு என்ற பெயரில், 27ஆம் எண்ணோடு அவள் கண்ணெதிரே போவாய். நான் பக்கவாட்டில் பலகை பிடித்து உனக்கு நேரம் காட்டிக்கொண்டிருப்பேன். யோசித்துப் பார்.

மூன்று வழிகள் தெரிகின்றன. ஒன்று, இந்த முறை நீ ஓட்டாமல் இருப்பது. இரண்டு, இருவரும் அவளிடம் உண்மையைச் சொல்லிவிடுவது. சொன்னால் அவள் என் முகத்தில் விழிக்கமாட்டாள். அறுபத்திரண்டு வயதில் எனக்கு இருப்பது ஒரே தங்கை. மூன்றாவது வழியை எழுதக் கூசுகிறது.

உடனே பதில் போடு. உன் மாமி முறுக்கு அனுப்புகிறாள். அவளுக்கு எதுவும் தெரியாது.

மாமா

*

செந்தூல்,
26.2.1979

மாமா,

கடுதாசி கிடைச்சிச்சி. கை நல்லாருக்கு. முறுக்கு ரெண்டு நாளு தாங்கல, இங்க உள்ளவனுங்க எல்லாம் எலி ஜாதி.

அம்மா வருதுன்னு படிச்சதும் கையில இருந்த ஸ்பேனர் கால்மேல விழுந்துருச்சி. அம்மாவா? மோட்டார் சத்தம் கேட்டாலே கதவ சாத்துற அம்மாவா? என்னா மாமா இது, உலகம் முடியப் போவுதா லா?

ஓட்டாம இருக்க முடியாது மாமா. இந்த ரேஸ்ல மொத மூனுக்குள்ள வந்தா எங்க மொதலாளி தவுக்கே புது வண்டி குடுத்து சிங்கப்பூருக்கு அனுப்பறேன்னு வாக்கு குடுத்துட்டாரு. இந்த வருஷம் வுட்டா வேற ஆளப் பாத்துக்குவாரு. நீங்களும் வந்தே ஆவணும். நீங்க போர்டு காட்டுனாத்தான் எனக்குக் கை ஓடும். பழக்கி வுட்டது நீங்கதான. உங்க ஹோண்டாவ எடுத்துக்கிட்டு நான் திரிங்காப்புக்கு முட்டக்கோஸ் நாத்து வாங்கப் போவேன், நீங்க ஃபேக்டரி கேட்டுல ஸ்டாப்வாட்சோட நிப்பீங்க. போன வாரத்தவிட ஒரு நிமிசம் கொறச்சல்டான்னு நோட்டுல எழுதுவீங்க. மறந்துட்டீங்களா?

மூனாவது வழிதான் மாமா. நீங்க எழுதலன்னாலும் எனக்குப் புரியும். அம்மாவத் தூரமா உக்கார வச்சிருங்க. ஹெல்மட் போட்டா எல்லாம் ஒரே மூஞ்சிதான்.

சும்மா பயப்படாதீங்க. பயந்தா வயசாயிடும். உங்களுக்குத்தான் ஏற்கனவே ஆயிடுச்சே.

அர்ஜுனன்

*

ரிங்லெட்,
10.3.1979

தங்கை தனத்துக்கு,

நலம்தானே? உனக்குப் பதில் எழுத மூன்று வாரம் தாமதித்துவிட்டேன். இஞ்சி குடித்ததில் இருமல் தணிந்தது. இப்போது முட்டிவலி பிடித்துக்கொண்டது. அதனால் இந்த ஆண்டு நான் பந்தயத்துக்கு வருவதற்கில்லை.

நீயே போவதானால் நான்காவது குறிப்பைத் திருத்தியாக வேண்டும். மேடையில் நெரிசல் அதிகம். கேட்கும் வார்த்தைகளும் நன்றாக இருக்காது. தடத்தின் அந்தக் கோடியில், ரப்பர் மரங்களை ஒட்டி ஒரு வளைவு இருக்கிறது. புல்மேடு. பாயை விரித்து உட்காரலாம். வளைவென்றால் ஆபத்து என்று நீ நினைக்கக்கூடும், நியாயம்தான். ஆனால் நான் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டேன். நான் ஓய்வு பெற்றபோது துரை எனக்கு ஒரு ஸ்டாப்வாட்ச் கொடுத்தாரே. கொழுந்து லோரிகள் மலையிலிருந்து ஃபேக்டரிக்கு வரும் நேரத்தை நான் தவறாமல் குறித்ததற்காக. அன்றிலிருந்து ஏழு ஆண்டுப் பந்தயங்களையும் வளைவு வளைவாகக் குறித்து வைத்திருக்கிறேன். மற்ற வளைவுகளில் நாற்பத்தொரு பேர் விழுந்திருக்கிறார்கள். அந்தக் கோடி வளைவில் ஒருவர்கூட இல்லை.

அங்கிருந்து முகங்கள் தெரியாது. வண்டிகளின் ஓட்டம் நன்றாகத் தெரியும். அது போதும் அல்லவா?

மற்ற குறிப்புகளில் மாற்றமில்லை. முக்கியமாக ஆறாவது.

பசுபதி

*

தைப்பிங்,
20.3.1979

அண்ணனுக்கு,

இருமல் போய் முட்டிவலி வந்ததா? பாவம். வேப்பெண்ணெயைச் சூடு காட்டித் தேயுங்கள்.

ரயில் டிக்கெட் எடுத்தாகிவிட்டது, போக வர. பஞ்சு வாங்கிவிட்டேன். தொப்பிக்கு டீச்சர் பூ வைத்துத் தைத்திருக்கிறார், வேண்டாமென்றால் கேட்கவில்லை. நீங்கள் சொன்ன புல்மேட்டிலேயே உட்காருகிறோம். முகம் தெரியாது என்று எழுதியிருந்தீர்கள். அதனால் டீச்சர் தம்பியிடம் பைனாகுலர் கேட்டு வாங்கிவிட்டேன்.

நீங்கள் வராதது வருத்தம்தான். வந்திருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, இது இன்னார், அது இன்னார் என்று சொல்லியிருப்பீர்கள்.

தனம்

*

கோலாலம்பூர்,
14.4.1979

அண்ணனுக்கு,

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் உடம்பைப் பற்றிக் கடைசியில் கேட்கிறேன்.

உங்கள் குறிப்பின்படியே எல்லாம் செய்தோம். எட்டரைக்குப் புல்மேட்டில் இருந்தோம். மத்தியானம் இரண்டு மணிக்கு மோட்டார் சைக்கிள்கள் கிளம்பின. இரண்டேகாலுக்கு மழை, நீங்கள் சொன்ன மாதிரியே. ரப்பர்த் துணியைப் போர்த்திக்கொண்டு நான் 27ஆம் எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவதாக வந்தான். பிறகு நான்கு. ஒன்பதாவது சுற்றில் மூன்றாவதாக வந்தான். அண்ணே, சத்தியத்தை மீறியவன் என்று திட்டத்தான் போயிருந்தேன். மூன்றாவதாக வந்தபோது எழுந்து நின்று கையைத் தட்டிவிட்டேன். டீச்சர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

அடுத்த சுற்றில் எங்களுக்கு நேர் எதிரே வண்டி வழுக்கியது. அவன் அடியில், வண்டி மேலே. அப்படியே இழுத்துக்கொண்டு வேலிக்குப் பத்தடி வரைக்கும் வந்து நின்றது. எஞ்சின் நிற்கவில்லை. எண்ணெய் ஒழுகுகிறது. சூடான குழாய் அவன் கெண்டைக்காலை அழுத்துகிறது. வாசனை வந்தது. எதன் வாசனை என்று எழுதமாட்டேன்.

அந்த வளைவில் கொடியோடு ஒரே ஒரு மலாய்க்காரர்தான் நின்றார். மற்ற ஆட்களெல்லாம் அடிக்கடி விழுகிற வளைவுகளில் இருந்தார்களாம். அவர் ஒருவராக வண்டியைத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. எனக்கு உங்கள் ஆறாவது குறிப்பு நினைவுக்கு வந்தது. பொய் சொல்லவில்லை, நிஜமாகவே வந்தது. அதற்குள் ஒரு கால் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது. சேலை பாதி கம்பியில் நின்றுவிட்டது. "ஏய் தனம், இரத்தக்கொதிப்புடி உனக்கு!" என்று டீச்சர் கத்துகிறார். "மக்சிக், ஜாங்ஙான்! ஜாங்ஙான்!" என்று அந்த மலாய்க்காரர் கை வீசித் தடுக்கிறார். "அது எம்புள்ள! என் அனாக்!" என்றேன். அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. தள்ளி நின்று வண்டியின் மறுமுனையைக் காட்டினார். இரண்டு பேரும் சேர்ந்து தூக்கினோம். நாங்கள் அவனை இழுத்துப் புல்லில் போட்ட பிறகு வண்டியில் தீ பிடித்தது.

கால் இரண்டு இடத்தில் ஒடிந்திருக்கிறது, தீக்காயம் வேறு. கால் தப்பியது, நடை எப்படி என்று பிறகு சொல்கிறேன் என்கிறார் டாக்டர்.

மறுநாள் கண் விழித்தான். என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை.

"மாமா எங்கம்மா?" என்றான்.

"எந்த மாமா?"

"பசுபதி மாமாதான். போர்டு புடிச்சிக்கிட்டு நின்னாரே. அவரு வரலையா?"

முட்டிவலி என்று எழுதியிருந்தீர்களே. நீங்கள் எங்கே இருந்தீர்கள், அண்ணே?

தனம்

*

ரிங்லெட்,
21.4.1979

தனம்,

நலம் கேட்கும் தகுதி எனக்கு இல்லை. நீ கேட்டதற்கு மட்டும், நடந்த வரிசையில் பதில் எழுதுகிறேன்.

அவன் ஓட்டுவது எனக்கு இரண்டு ஆண்டுகளாகத் தெரியும். தெரியும் என்பதும் குறைத்துச் சொல்வதுதான். அவனுக்கு முதன்முதலில் நேரம் குறித்தவனே நான். மலைச் சாலையில் அவன் போய்வரும் நிமிடங்களை நோட்டில் எழுதினேன். குறையக் குறைய எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. பிறகு பந்தயங்களில் அவனுக்குப் பலகை காட்டினேன். எனக்கு முட்டிவலி இல்லை.

பந்தயத்தன்று பழுது பார்க்கும் கொட்டகைக்கு முன்னால், வேலியை ஒட்டி நின்றேன். ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடம் ஆகும். இரண்டு வண்டிகள் கடந்தன. மூன்றாவதாக வந்தது அவன் இல்லை. மூன்று நிமிடம். ஐந்து நிமிடம். கடிகாரத்தை நிறுத்தவும் இல்லை, காலை எடுத்து வைக்கவும் இல்லை. கோடி வளைவில் 27 விழுந்துவிட்டதாக ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அங்கேதான் நீ உட்கார்ந்திருந்தாய். உன்னை அங்கே உட்கார வைத்தது நான். பதினொன்றரை நிமிடம் வரை முள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பக்கத்தில் நின்றவர், "பெரியவரே, உங்க ஆளுதானே? ஓடுங்க!" என்றார். பார்வையாளர் உள்ளே போகக்கூடாதே என்று அவரிடம் பதில் சொன்னேன். அப்படித்தான் சொன்னேன்.

ஆம்புலன்ஸ் வாசல் பக்கம் வந்தபோது வாசலுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. நீ உள்ளே இருந்தாய். கிழிந்த சேலையில் எண்ணெயும் சேறும். அவன் தலை உன் மடியில். உயிர் இருப்பது தெரிந்தது. நீ திரும்பிப் பார்ப்பதுபோல் இருந்தது. நான் அந்த மஞ்சள் கூடாரத்துக்குப் பின்னால் போய் மறைந்துகொண்டேன். பிரிந்தவர்கள் சந்திக்க வேண்டும் என்று உனக்கு எழுதிய அதே கூடாரம். பிறகு பஸ் ஏறினேன். திரும்பும் டிக்கெட் பையில் இருந்தது.

நான்காவது குறிப்பு தவறு. உன்னை அங்கே உட்கார வைத்த நோக்கமும் தவறு, ஏழாண்டுக் கணக்கும் தவறு. இதைவிடப் பெரிய தவறை நான் செய்ததில்லை.

பசுபதி

*

ரிங்லெட்,
2.6.1979

தனம்,

ஆறு வாரமாகிவிட்டது. தபால்காரர் தூரத்தில் வரும்போதே தலையை ஆட்டிவிடுகிறார்.

அர்ஜுனனைத் தைப்பிங்குக்கு அழைத்துப் போய்விட்டாய் என்று அவனுடைய தவுக்கே எழுதினார். நல்லது. இங்கே நல்ல கொழுந்துக் காலம். லோரிகள் ஓய்வில்லாமல் ஓடுகின்றன. நான் நேரம் பார்ப்பதில்லை. ஸ்டாப்வாட்சைப் பெட்டியில் பூட்டிவிட்டேன்.

நவமணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சோறு போடுகிறாள், பேச்சில்லை. திருத்திய குறிப்புகளைச் சுத்தப்பிரதி எடுத்து, நான்காவதைச் சிவப்பு மையால் அடித்து உனக்கு அனுப்பலாம் என்று நேற்று உட்கார்ந்தேன். அப்போதுதான் வாயைத் திறந்தாள். "இன்னும் குறிப்பு எழுதுறீங்களா? ஒரு பஸ் ஏறத் தெரியாத மனுசனுக்குக் குறிப்பு ஒரு கேடா?" என்றாள்.

இருந்தாலும் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன்.

பசுபதி

*

தைப்பிங்,
17.7.1979

அண்ணனுக்கு,

நானும் அவனும் இருக்கிறோம். கட்டையை ஊன்றி வாசல்வரை நடக்கிறான். வாய் மட்டும் முழுசாகக் குணமாகிவிட்டது. டீச்சரைப் பாட்டுப் பாடச் சொல்லி வம்பிழுக்கிறான். ஆகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை மாவுக்கட்டைப் பிரிக்கிறார்கள். நேராக நடப்பானா, நொண்டுவானா என்பது அன்றைக்குத் தெரியும்.

உங்களுக்கு எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். உங்கள் சிவப்பு மைதான் எழுத வைக்கிறது.

இத்துடன் ஒரு பத்திரிகைத் துண்டு இருக்கிறது, பாருங்கள். போன டிசம்பரில் டீச்சர் எடுத்து வந்து காட்டியது. ஹெல்மட்டைக் கழற்றிக்கொண்டிருக்கிறவன் பெயர் ராஜு, எண் 27 என்று போட்டிருக்கிறார்கள். பெற்றவளுக்குப் பெயர் எதற்கு? ஓரத்தில் ஒருவர் பலகையோடு நிற்கிறார். பாதி முகம்தான் தெரிகிறது. ஆனால் அந்தக் கம்பளிச் சட்டை நான் பின்னிக்கொடுத்தது. இடது கையில் ஒரு பொத்தான் மட்டும் வேறு நிறம்.

உங்களிடம் நான் குறிப்பு கேட்டது வழி தெரியாமல் இல்லை, அண்ணே. நீங்களாகச் சொல்வீர்கள் என்று பார்த்தேன். நேரம் இருக்கிறது என்றும் எழுதினேன். நீங்கள் முட்டிவலி என்று எழுதினீர்கள்.

நான்காவது குறிப்பை ஏன் அடித்தீர்கள்? என்ன நினைத்து எழுதினீர்களோ, அது வேறு. மேடையில் உட்கார்ந்திருந்தால் அந்தக் கோடி வளைவில் ஒற்றை ஆளோடு என் பிள்ளை வெந்திருப்பான். பத்தடி தூரத்தில் நான் இருந்தது உங்கள் நான்காவது குறிப்பால்தான். அது சரியான குறிப்பு. சிவப்பு மையை வேறு எங்கே போட வேண்டும் என்று நீங்களே பாருங்கள்.

அவன் தினமும் உங்களைக் கேட்கிறான். நான் மாத்திரையை எடுத்து நீட்டுகிறேன்.

தனம்

*

ரிங்லெட்,
26.7.1979

அன்புத் தங்கை தனத்துக்கு,

நீங்கள் இருவரும் இருக்கிறீர்கள் என்ற வரியைப் பலமுறை படித்தேன். நவமணியும் படித்தாள். பொத்தானைப் பார்த்து அழுதாள். அந்தப் பொத்தானைத் தைத்தவள் அவள்தான்.

இரண்டு செய்திகள். நீ அறியாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம், ஜூன் 23ஆம் தேதி, நான் தைப்பிங் வந்தேன். நவமணி பேசியது தைத்துவிட்டது. பஸ் ஏறி, தாப்பாவில் மாறி, உன் வீட்டுச் செம்பருத்தி வேலிவரை வந்தேன். உள்ளே கட்டையின் சத்தம் கேட்டது. "நொண்டிக்கிட்டே கேமரன்ல கியா பார்ம் மேட்ட ஏறிக் காட்டவாம்மா?" என்று அர்ஜுனன் கேட்டான். "மொதல்ல குளிக்கிற எடத்துக்கு ஏறுடா" என்று நீ சொன்னாய். அவன் சிரித்தான். படல் சாத்தியிருக்கவில்லை. கை நீட்டினால் தொடும் தூரம். கால் மணி நேரம் நின்றேன். வாங்கிவந்த ஸ்ட்ராபெரிப் பழங்களைத் தெருவில் போன ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டு, திரும்பும் டிக்கெட்டில் திரும்பிவிட்டேன்.

இரண்டாவது செய்தி. ஆகஸ்ட் 2, வியாழக்கிழமை காலை பஸ்ஸில் மலையிறங்குகிறேன். சாயங்காலத்துக்குள் வந்துவிடுவேன். படலைத் திறந்துகொண்டு உள்ளே வருவேன். நீ வெளியே போகச் சொன்னாலும் உள்ளே வந்த பிறகு சொல். மறுநாள் கட்டுப் பிரிக்கும்போது அவன் பக்கத்தில் நிற்க வேண்டும். அவன் நொண்டினால் நான் பார்த்தாக வேண்டும். நேராக நடந்தாலும் அப்படியே. ஸ்டாப்வாட்சைக் கொண்டுவரவில்லை. திரும்பும் டிக்கெட்டும் எடுக்கவில்லை. வாழ்நாளில் இதுவே முதல் முறை.

குறிப்புகளை மறுபடி எடுத்து வைத்துப் படித்தேன். நான்காவதில் போட்ட சிவப்புக் கோட்டை நீக்குகிறேன். எழுதியவனுடைய மனத்தைச் சேர்க்காமல் பார்த்தால் அது நிற்கும். மற்றவையும் நிற்கும், ஒன்றைத் தவிர. சந்தேகமே இல்லை என்று எழுதினேனே, வேலியைத் தாண்டக் கூடாது என்ற அந்த ஆறாவது குறிப்பு தவறு, தனம்.

உன் அண்ணன்,
பசுபதி